தோட்டங்கள் பல, கட்டமைப்பு ஒன்று: துன் வீ.தி. சம்பந்தன்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் புக்கிட் சீடிம் என்றொரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதன் பரப்பு ஏறக்குறைய 2,900 ஏக்கர். 1961ஆம் ஆண்டு அந்தத் தோட்டம் கைமாறியது. அதை வாங்கியது ஒரு பெரிய வணிக நிறுவனமோ செல்வரோ அல்லர். பால்மரம் வெட்டிப் பிழைத்த தொழிலாளர்கள். ஆளுக்குப் பத்து வெள்ளி எனத் தொடங்கிய சேமிப்பைக் கொண்டு அவர்கள் ஒரு தோட்டத்தையே வாங்கினர். அதன்பின் நாட்டின் பல மாநிலங்களில் வேறு பல தோட்டங்களும் அவர்கள் உடைமையாயின. இந்த முயற்சிக்கு வித்திட்டவர், மலேசிய இந்தியர் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற துன் வீ.தி. சம்பந்தன் ஆவார்.

தோட்டத்தை வாங்குவது ஒரு சாதனை. ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கும் பல தோட்டங்களை ஒரே தரத்தில், ஒரே நெறியில் நடத்துவது அதைவிடப் பெரிய சோதனை. தலைமையகம் கோலாலம்பூரில், வேலை நடக்கும் இடமோ கெடாவில், பேராக்கில், தெற்கு மாநிலங்களில். ஓரிடத்தில் நேரும் பிழை இன்னோரிடத்தில் உள்ள உறுப்பினரின் சேமிப்பைக் கரைத்துவிடும். இந்தச் சோதனையை எதிர்கொண்ட ஒரு தலைவரின் வாழ்க்கையே இப்பகுதி.

திருஞானசம்பந்தன் என்னும் இயற்பெயர் கொண்ட சம்பந்தன், 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரில் பிறந்தார். தந்தையார் வீரசாமி, தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து தம் உழைப்பால் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். ஆகவே, சம்பந்தன் தோட்ட வாழ்க்கையை இளமையிலேயே அருகிலிருந்து கண்டார். விடியுமுன் பெரட்டுக்குக் கூடும் தொழிலாளர்களையும், கங்காணியின் குரலையும், வரிசையாக நின்ற லயன் வீடுகளையும் அறிந்து வளர்ந்தார். உரிமையாளரின் பிள்ளையாகப் பிறந்தும் தொழிலாளரின் நலனையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டது அவரது தனிச்சிறப்பு.

கோலகங்சாரில் இருந்த கிளிப்பர்ட் பள்ளியில் அவர் ஆங்கிலக் கல்வி பெற்றார். பின்னர், சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். அக்காலத்தில் இந்தியாவில் விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. நாடெங்கும் சிற்றூர்களில் வாழ்ந்த எளிய மக்கள் ஒரே குறிக்கோளுக்காக ஒன்றுபட்டதை அவர் நேரில் கண்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே அவர் தாயகமான மலாயாவுக்குத் திரும்பினார்.

திரும்பியதும் அவர் பொதுப்பணியில் ஈடுபட்டார். தமிழ்க் கல்வியில் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுவதற்கு அவரது உழைப்பும் பொருளுதவியும் துணைநின்றன. 1954ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பள்ளி இன்றும் இயங்கி வருகிறது. 1955ஆம் ஆண்டு அவர் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தேசியத் தலைவரானார். அதே ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51 இடங்களை வென்றது. வெற்றி பெற்றவர்களுள் சம்பந்தனும் ஒருவர். துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் அவர் தொழிலாளர் அமைச்சரானார். மலாயாவின் விடுதலைக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவர்களுள் அவரும் இடம்பெற்றார்.

1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. ஆனால், தோட்டப்புறங்களில் மகிழ்ச்சியோடு அச்சமும் குடிபுகுந்தது. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளக் கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடாரம் என்னும் பெயரில் பழந்தமிழர் அறிந்திருந்த நிலமே கெடா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர் பயிர் வேகமாகப் பரவியது. வடக்கே நெல்வயல்கள் பரந்து கிடக்க, கோலமூடா, கூலிம், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ், பாடாங் செராய் போன்ற ஊர்கள் அத்தோட்டங்களைச் சுற்றியே வளர்ந்தன. தோட்டத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்குத் தோட்டமே வேலையிடம், தோட்டமே ஊர். வீடு, தண்ணீர், மருந்தகம், கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என அனைத்தும் தோட்டத்தைச் சார்ந்தே இருந்தன. வேலை போனால் வீடும் போய்விடும். வீடு போனால் பிள்ளையின் படிப்பும் போய்விடும்.

1950களில் அந்நிய நாட்டு முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்களுள் நிலத் தரகர்களும் ஊக வணிகர்களும் இருந்தனர். அவர்கள் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்று இலாபம் பார்த்தனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் சிறுதோட்டமாகவே கருதப்பட்டது. பெருந்தோட்டத்தில் தொழிலாளருக்குக் கிடைத்த வசதிகளைச் சிறுதோட்டக்காரரிடம் எதிர்பார்க்க இயலவில்லை. வேலை குத்தகைக்காரர் கைக்குப் போனது. கூலி குறைந்தது. பல குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த லயன் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல்களைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் ஆராய்ந்து, அதன் தீய விளைவுகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

துண்டாடல் மரங்களையும் அழித்தது. ரப்பர் மரத்தில் பால் எடுப்பது நுட்பமான வேலை. பட்டையை இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு சரிவாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். பின்பு அவ்விடத்தில் நல்ல பட்டை வளராது. பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டி மரத்துக்கு ஓய்வு தருவது வழக்கம். வெட்டிய பட்டை மீண்டும் வளர்ந்து வெட்டுக்குத் தயாராகப் பல ஆண்டுகள் செல்லும். நெடுங்காலம் தோட்டத்தை வைத்திருக்க எண்ணுபவர் இந்த ஒழுங்கைக் காப்பார். விரைவில் விற்றுவிட எண்ணுபவரோ, கிடைத்தவரை இலாபம் எனக் கண்டபடி வெட்டிப் பால் எடுப்பார். மறுநடவு செய்யமாட்டார். இன்றைய வரவுக்காக நாளைய விளைச்சலை அவர் அடகு வைக்கிறார். நன்றாகத் திட்டமிட்டு அமைத்த எந்த அமைப்பும், பொறுப்பேற்க ஆளில்லாமல் துண்டு துண்டாகும்போது இவ்வாறுதான் சீரழிகிறது.

இந்நிலையில், தொழிலாளர்கள் தாங்களே தோட்டங்களை வாங்கினால் என்ன என்ற எண்ணம் சம்பந்தனுக்குத் தோன்றியது. தனியொரு தொழிலாளியால் ஒரு தோட்டத்தை வாங்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் முடியும். சிறு துளி பெருவெள்ளம் என்பதை அவர் செயலில் காட்ட விரும்பினார். 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. பத்து வெள்ளி செலுத்தித் தொழிலாளர் அதில் உறுப்பினராகலாம். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி.

பணம் திரட்டுவது எளிதாக இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பலர் அக்காலத் தோட்டங்களில் இருந்தனர். பத்து வெள்ளியைக் கொடுத்தால் அது திரும்ப வருமா, கோலாலம்பூரில் இருப்பவர்கள் நம்மை நினைப்பார்களா, தொழிலாளி எப்படித் தோட்ட முதலாளி ஆக முடியும் என்றெல்லாம் ஐயம் எழுவது இயல்பே. அமைச்சர் பொறுப்பில் இருந்த சம்பந்தன், நாடெங்கும் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். சங்கத்தின் நோக்கத்தை அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கினார். இந்தப் பெரும்பணியில், சங்கத்தின் அதிகாரியாக வந்து சேர்ந்த கே.ஆர். சோமசுந்தரம் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். பின்னாளில் அவரே சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தி டான் ஸ்ரீ பட்டமும் பெற்றார்.

சங்கம் பதிவு பெற்ற மறு ஆண்டே புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கெடாவின் தோட்டப்புற மக்களுக்கு அது வெறும் நில வணிகச் செய்தியாக இருந்திருக்க முடியாது. துண்டாடலுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களிடையே, தொழிலாளர் பணத்தில் வாங்கிய ஒரு தோட்டம் முழுமையாக நின்றது. லயன்களும் மரங்களும் துண்டாகவில்லை. சங்கத்தின் சொல் செயலானதைக் கண்ட பின் மேலும் பலர் உறுப்பினராயினர். சங்கம் மேலும் பல தோட்டங்களை வாங்கியது.

இங்கேதான் அடுத்த சோதனை தொடங்கியது. ஒரு தோட்டம் மட்டும் இருந்தபோது, கண்காணிப்பு எளிது. தோட்டங்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றின் மண்ணும் மழையும் மரங்களின் வயதும் வேறுபட்டன. நிர்வாகிகளின் பழக்கமும் திறமையும் வேறுபட்டன. அவரவர் விருப்பப்படி கணக்கு எழுதி, அவரவர் முறைப்படி மரம் வெட்டி, அவரவர் எண்ணப்படி செலவு செய்தால், சங்கம் பெயரளவில்தான் ஒன்றாக இருக்கும். மறுபுறம், ஒவ்வொரு சிறு முடிவுக்கும் கோலாலம்பூரின் அனுமதி வேண்டுமென்றால் தோட்டத்தில் வேலை நின்றுவிடும். மழை பெய்யும் காலையில் மரம் வெட்டலாமா என்பதைத் தோட்டத்தில் நிற்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும். எதை மையத்தில் உறுதி செய்வது, எதை அந்தந்த இடத்துக்கு விடுவது என்பதே பரந்து கிடக்கும் எந்த நிறுவனத்துக்கும் அடிப்படைக் கேள்வி.

கூட்டுறவு அமைப்பு இந்தக் கேள்விக்குத் தன் வழியில் விடை தந்தது. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நெசவாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையிலிருந்து வளர்ந்த நெறிகள் உலகெங்கும் பரவியிருந்தன. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். இலாபம் உறுப்பினருக்குச் சேர வேண்டும். இந்நெறிகள் துணைவிதிகளாக எழுத்தில் அமைந்திருக்கும். கெடாவில் உள்ள உறுப்பினருக்கும் ஜொகூரில் உள்ள உறுப்பினருக்கும் விதி ஒன்றே. உறுப்பினர் பல்லாயிரவர் ஆகும்போது எல்லாரும் ஒரே மண்டபத்தில் கூட இயலாது. ஆகவே, பேராளர்கள் வழியாக அவர்களின் குரல் பொதுக்கூட்டத்தை எட்டுகிறது. ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடைபெறுகிறது. தொலைவில் உள்ளவரை நேரில் பார்க்காமலே நம்புவதற்கு இத்தகைய எழுத்து விதியும் திறந்த கணக்கும் பேசும் வழியும் இன்றியமையாதவை.

வேலையின் தரத்துக்கும் பொதுவான அளவுகோல்கள் இருந்தன. 1925ஆம் ஆண்டு முதல் இயங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், எந்த வகைக் கன்றை நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது, எப்படி வெட்டுவது என்பன குறித்து ஆய்வு செய்து அறிவுரை வழங்கி வந்தது. 1965ஆம் ஆண்டு மலேசியா ரப்பரின் தரத்துக்குப் புதிய முறையை அறிமுகப்படுத்தியது. அதற்குமுன் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்து, நிறத்தையும் தூய்மையையும் கொண்டு தரம் பிரிப்பர். பார்ப்பவர் மாறினால் தரமும் மாறும். புதிய முறையில், ரப்பரில் உள்ள அழுக்கு முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் குறித்தனர். எந்தத் தோட்டத்தில் விளைந்தாலும் அளவுகோல் ஒன்றே. வாங்குபவர் தோட்டத்தை அறியாவிட்டாலும் தரத்தை அறிவார். பல இடங்களில் நடக்கும் வேலையை ஒரே தரத்தில் வைத்திருக்க, மனிதரின் கண்ணைவிடப் பொதுவான சோதனை உறுதியானது என்பதை ரப்பர் தொழில் இவ்வாறு கண்டறிந்தது.

அமைச்சராகச் சம்பந்தன் ஆற்றிய பணியிலும் இதே சிக்கலைக் காணலாம். சுகாதார அமைச்சராக இருந்த பின், 1959ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகப் பணியாற்றினார். அக்காலத்தில்தான் நாட்டின் தொலைபேசிச் சேவை பெரிதும் வளர்ந்தது. 1962ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு, இணைப்பாளரின் உதவியின்றி நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. 1970ஆம் ஆண்டு குவாந்தானில் செயற்கைக்கோள் தரைநிலையம் இயங்கத் தொடங்கியது. தொலைபேசி வலையமைப்பில் ஒவ்வோர் ஊரின் நிலையமும் தனித்தனிக் குழுவின் பொறுப்பில் இருக்கும். ஆயினும், எண் வழங்கும் முறையும் மின்குறிப்புகளும் எங்கும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் அலோர்ஸ்டாரிலிருந்து அழைப்பவரின் குரல் ஜொகூர் பாருவை எட்டாது.

இந்தச் சிக்கல் இன்றைய கணினி உலகுக்கும் பழகியதே. ஒரு மென்பொருளின் ஒரு பகுதியைக் கோலாலம்பூரில் ஒரு குழு எழுதுகிறது. இன்னொரு பகுதியைச் சென்னையிலோ பெங்களூரிலோ வேறொரு குழு எழுதுகிறது. அவர்கள் ஒருவரையொருவர் கண்டிருக்கமாட்டார்கள். பகுதிகள் எவ்வாறு இணைய வேண்டும் என்பதை முன்னரே எழுதி வைக்காவிட்டால், ஒவ்வொரு குழுவும் தன் வசதிக்கேற்பக் கட்டிவிடும். இறுதியில் மென்பொருள் ஒட்டுப்போட்ட துணி போலாகும். 1968ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். ஒரு நிறுவனத்தில் மக்கள் எவ்வாறு தொடர்பு கொள்கிறார்களோ, அவர்கள் உருவாக்கும் அமைப்பும் அந்தத் தொடர்பின் வடிவத்தையே பெறும் என்பது அவரது கருத்து. தொடர்பு அறுந்த குழுக்கள் அறுந்த பொருளையே தரும். ஆகவே, மென்பொருள் குழுக்கள் பொதுவான வடிவமைப்பு விதிகளை எழுதிவைக்கின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கின்றனர். எல்லா இடத்திலும் ஒரே சோதனையை ஓட்டுகின்றனர். கூட்டுறவின் துணைவிதி, தணிக்கை, தர ஆய்வு ஆகியவற்றோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த கூலிம் மாவட்டத்தில் இன்று உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. அங்கு பணிபுரியும் பொறியியலாளர்களும், தொலைதூர நாடுகளில் உள்ள குழுக்களோடு சேர்ந்து உழைக்கும்போது இக்கேள்விகளைத்தான் சந்திக்கின்றனர்.

எனினும், விதியும் அளவுகோலும் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. கூட்டுறவுத் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளி ஒரே நேரத்தில் கூலி பெறுபவராகவும் உரிமையாளராகவும் இருந்தார். கூலி உயர வேண்டும் என்று தொழிலாளி விரும்புவார். பங்குக்கு ஈவு கிடைக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்புவார். இவ்விரு விருப்பங்களும் ஒரே மனத்துக்குள் மோதின. மறுநடவு செய்தால் புதிய மரம் பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்நிலத்தில் வரவில்லை. செலவு மட்டும் உண்டு. இன்றைய ஈவைக் குறைத்து நாளைய மரத்தை வளர்ப்பதா என்ற கேள்விக்கு எல்லாத் தோட்டத்து உறுப்பினரும் சேர்ந்து பொறுமையோடு விடை காண வேண்டியிருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் காப்பாற்ற இயலவில்லை. வாங்கும் ஆற்றல் சேமிப்பின் அளவைப் பொறுத்தது. சங்கம் வாங்காத தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் தம் ஊரை இழந்தன. சம்பந்தனின் திட்டம் எல்லாருக்கும் கரை சேர்க்கும் தோணியாக அமையவில்லை என்பதும் வரலாறே. ஆனால், வாங்கப்பட்ட தோட்டங்கள் முழுமையாக நின்றன. தொழிலாளர் நிலத்தை உடைமையாக்கிக் கூட்டாக நிர்வகிக்க முடியும் என்பதற்கு அவை சான்றாயின.

1967ஆம் ஆண்டு அவருக்கு நாட்டின் உயரிய துன் விருது வழங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்துக்குப் பின் இனங்களுக்கிடையே நம்பிக்கையை மீண்டும் வளர்க்க வேண்டிய தேவை எழுந்தது. 1972ஆம் ஆண்டு முதல் அவர் தேசிய ஒற்றுமைத் துறைக்கு அமைச்சரானார். 1973ஆம் ஆண்டு ம.இ.கா. தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 18 ஆண்டுகள் வகித்த பதவி அது. அமைச்சரவையிலிருந்து விலகிய பின்னும் ஒற்றுமைப் பணியைத் தொடர்ந்தார். தந்தை விட்டுச் சென்ற செல்வத்தின் பெரும்பகுதியை அவர் பொதுப்பணியில் செலவிட்டிருந்தார். தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தவர், தொழிலாளரைத் தோட்ட உரிமையாளராக்கும் பணியில் தம் உடைமையைக் குறைத்துக்கொண்டார்.

1979ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், அறுபது அகவை நிறைவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில், துன் சம்பந்தன் மறைந்தார். அவரது துணைவியார் தோ புவான் உமாசுந்தரியும் சமூகப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று துன் சம்பந்தன் சாலை எனப்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகக் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கெடாவின் தோட்டப்புறங்கள் இன்று பெரிதும் மாறிவிட்டன. பல இடங்களில் ரப்பர் மரங்கள் இருந்த நிலத்தில் செம்பனை வளர்ந்திருக்கிறது. வேறு சில இடங்களில் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. லயன் வீடுகளில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பினாங்கிலும் பல்வேறு துறைகளில் பணிபுரிகின்றனர். தொழிலாளர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமோ அவர்களின் பத்து வெள்ளிச் சேமிப்பை அடித்தளமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. தொலைவில் இருப்போர் ஒருவரையொருவர் நம்பி ஒரே வேலையைச் செய்ய வேண்டுமானால், எல்லாருக்கும் பொதுவான விதியும், எவரும் பார்க்கக்கூடிய கணக்கும், கடைக்கோடியில் உள்ளவரின் குரல் தலைமையை எட்டும் வழியும் வேண்டும். அவற்றைத் தோட்டத் தொழிலாளரின் கைக்குக் கொண்டுசேர்த்ததே துன் சம்பந்தன் விட்டுச் சென்ற செல்வம்.